இணங்கச் செய்தலும் அறமும்

கிராம வளர்ச்சி ஊழியர் நாள்தோறும் செய்யும் வேலை, மக்களைப் புதியதொரு பழக்கத்திற்கு இணங்கச் செய்வதேயாகும். கழிப்பிடமாயினும், சொட்டுநீர்ப் பாசனமாயினும் முடிவு செய்யும் உரிமை குடும்பத்தாருடையது. அவர்கள் மனம் ஒப்பாமல் செய்த வேலை கணக்கில் ஏறும், ஊரில் நிலைக்காது. கட்டிய கழிப்பிடத்தில் விறகு அடுக்கி வைத்திருப்பதை நாம் பார்த்ததில்லையா?

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்போரையும் அறிந்திருத்தல் வேண்டும். மனநூலார் ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு ஏற்படவே, வழக்கமாக உண்ணாத உள்ளுறுப்பு இறைச்சியைச் சமைக்குமாறு இல்லத்தரசிகளைத் தூண்ட வேண்டியிருந்தது. கர்ட் லெவின் என்ற அறிஞர் ஒரு சாராருக்குச் சொற்பொழிவு மட்டும் ஏற்பாடு செய்தார். மறு சாராரைத் தம்முள் கலந்து பேசி முடிவு செய்யுமாறு விட்டார். பின்னர் விசாரித்ததில், முன் சமைத்திராத இறைச்சியைப் புதிதாகச் சமைத்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 3 பேர். இரண்டாம் பிரிவில் 32 பேர். தாமே எடுத்த முடிவை மக்கள் எளிதில் கைவிடுவதில்லை.

நம் திண்டுக்கல் பகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டியை அடுத்து காந்திகிராமத்தை நிறுவினர். 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கிற்று. குடும்பக் கட்டுப்பாடு போன்ற, பலரும் வாய்விட்டுப் பேசக் கூசிய செய்தியையும் ஊராரின் நம்பிக்கைக்குரியவர்கள் வாயிலாகவே அது எடுத்துச் சென்றது. அவ்வனுபவத்தின் பயனாக 1964-இல் கிராம சுகாதாரத்துக்கென அங்கே தனி நிறுவனம் தோன்றிற்று.

இதற்கு நேர்மாறான பாடமும் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலமாகிய 1976–77-இல் இலக்கும் அச்சுறுத்தலும் துணையாக, நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. மறு ஆண்டில் அத்தொகை 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. திட்டத்தின் பெயரையே ‘குடும்ப நலம்’ என மாற்ற நேர்ந்தது. அச்சத்தால் பெற்ற இணக்கம் அச்சம் நீங்கியதும் மறைந்தது. இழந்த நம்பிக்கையோ எளிதில் மீளவில்லை.

ஆகவே ஊழியர்கள் நான்கு நெறிகளை மேற்கொள்ளுதல் நலம்.

1. முதலில் கேளுங்கள். மறுப்புக்குப் பெரும்பாலும் தக்க காரணம் இருக்கும். தண்ணீர் இல்லாத வீட்டில் கழிப்பிடத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

2. குறையையும் சொல்லுங்கள். சொட்டுநீர்க் கருவிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டென்று கூறுவோர், உவர்நீர் பாயும் தோட்டத்தில் உப்புப் படிந்து துளைகள் அடைபடும் என்பதையும், வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும் என்பதையும் முன்னரே கூற வேண்டும்.

3. ‘வேண்டாம்’ என்பதற்கு இடம் கொடுங்கள். ரேஷன் அட்டையையோ வேலை அட்டையையோ காட்டி மிரட்டுவதும், பலர் முன்னிலையில் நாணச் செய்வதும் தகாதன.

4. ஊர் கூடிப் பேசட்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அதைத் தீர்மானம் படித்துக் கையொப்பம் பெறும் சடங்காக்கிவிடாதீர்கள். பெண்களும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்களும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

ஐயம் எழும்போது உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. ஒருவரை இணங்கச் செய்ய நாம் கையாண்ட வழி முழுவதையும் அவரிடமே மறைக்காமல் சொல்ல முடியுமா? முடியுமாயின் அது அறவழி. முடியாதாயின், மாத முடிவில் இலக்கு எட்டப்படினும் அவ்வழியை விட்டொழிப்பதே கடமை. அடுத்த திட்டத்தோடு அதே வாயிலில் மீண்டும் நிற்க வேண்டியவர்கள் நாமன்றோ!