இரவுப் பணிக்காரர்களுக்கும் எட்டும் தொடர்கல்வி

தானமாக வரும் சிறுநீரகம் நேரம் பார்த்து வருவதில்லை. அதனால், அது நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. ஆய்வகத்தினருக்கு வெளியூர்க் கருத்தரங்குகள் எட்டாமலே போகின்றன. அந்தக் குறையைத் தீர்ப்பவை இணையவழிப் பாடங்கள்.

அமெரிக்காவின் ‘ஆஷி’ அமைப்பு இத்துறைக்கென்றே இணையப் பாடங்கள் நடத்துகிறது. பணம் கட்டுமுன், கிடைக்கும் தொடர்கல்விப் புள்ளியைத் தங்கள் சான்றிதழ் வாரியம் ஏற்குமா என்று கேட்டுவிட வேண்டும். நேரலையைத் தவறவிட்டால் பதிவு கிடைக்குமா என்பதையும்தான்.

பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும். கணித்துப் பார்த்தால் மனதில் நிற்கும். பழைய நோயாளி ஒருவரின் ஆன்டிபாடி வரைபடத்தைத் திரையில் போட்டு, கிராஸ்மேட்ச் முடிவைச் சொல்லாமல் குழுவினரைக் கணிக்கச் சொல்லலாம். ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும்போது பரிசோதனை அதைக் குறைத்துக் காட்டுவதுண்டு; சீரத்தை நீர்க்கச் செய்தால் உண்மை வெளிப்படும். இந்த ‘புரோசோன்’ சிக்கலைப் புரியவைக்க இப்படிக் கணிக்கச் சொல்வதைவிட நல்ல வழி இல்லை. திரையில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் தெரியவே கூடாது.

எச்.எல்.ஏ. மரபணு வகைகளுக்கான ‘ஐ.எம்.ஜி.டி.’ தரவுத்தளம் 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, பார்வையிடக் கட்டணமில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

பாடம் முடித்த சான்றிதழை அன்றைக்கே சேமித்துவிடுங்கள், ஆய்வகத்தைத் தணிக்கை செய்யும் குழு வரும்போது தேட நேரமிருக்காது.