துரு முதலில், குதிரைத்திறன் கடைசியில்

எம்ஜிபி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எஞ்சின் எப்படி என்று நான் கேட்பதில்லை. சில் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். கதவுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் தகட்டுப் பெட்டிக்குத்தான் சில் என்று பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. ஆக, வண்டி நடுவில் மடங்காமல் தாங்கி நிற்பது அந்த இரண்டு சில்களால்தான். எஞ்சினை வாரக் கடைசிகளில் கழற்றிச் சரிசெய்துவிடலாம். சில் போயிருந்தால் காரின் பாதியையே மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

என்னிடம் இருப்பது 1970 மாடல் ரோட்ஸ்டர். இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கம் வீட்டு கராஜில் வைத்து நானே சீர்செய்து, நானே ஓட்டுகிறேன். அதில் கற்றதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்மூலை, கதவுக்குக் கீழே, பின் மட்கார்டின் முன்மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடுத்து, முன்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கிவிட்டு, கதவைத் திறந்து மூடுங்கள். முதலில் சுலபமாக மூடிய கதவு இப்போது பின்தூணில் உரசினால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இதில் ஒரு மோசடி வழக்கமாக நடக்கிறது. சில்லின் இரண்டு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு உள்ளே மறைந்து போகின்றன. முறைப்படி மாற்றுவதென்றால் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடியை வெட்டித்தான் ஆகவேண்டும். அவ்வளவு வேலை செய்ய மனமில்லாதவர்கள், வெளியே தெரியும் நீளத்துக்கு மட்டும் புதுத் தகட்டை மேலே போர்த்தி வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பழைய துரு ஈரத்தோடு அடைபட்டு, முன்னைவிட வேகமாகத் தின்னும். இப்படிப் போர்த்திய காரைவிட, ஓட்டை கண்ணுக்குத் தெரியும் கார் எவ்வளவோ மேல்.

சில்லை நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்தின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். காரின் எடை சஸ்பென்ஷன் மீதே இருக்கட்டும். நடுவில் மட்டும் ஸ்டாண்டு கொடுத்து முனைகளைத் தொங்கவிட்டால், அந்த வளைவோடு சேர்த்துத்தான் வெல்டிங் பிடிக்கும். அதன் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. ஒவ்வொரு தகட்டையும் புள்ளி வைத்துப் பிடித்ததும் கதவை மாட்டி, மூடி, இடைவெளியைப் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வேலையில் அவசரத்துக்கு வேறெங்கும் இல்லாத தண்டனை உண்டு. வெல்டிங் தெரியாதவர்கள் உள்ளூர்க் கல்லூரிகளில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்து, பழைய தகட்டில் கை பழகிவிட்டு வாருங்கள். தொடங்குமுன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பை எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சில்லின் உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மறந்தும் பெயிண்டால் அடைக்காதீர்கள்.

பேனலுக்குப் பஞ்சமில்லை என்பது இந்தக் காருக்கு வாய்த்த வரம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-லிருந்து அசல் அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்கிறது. முப்பது, நாற்பது இடங்களில் ஒட்டுப்போட வேண்டிய கார் என்றால், அந்தப் புது பாடியின் விலையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி மேம்பாடுகளுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கோளாறு இருக்கும் இடத்தில் புதுச் சாமானைப் பொருத்தினால் கோளாறு போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. வண்டி இழுக்கவில்லை என்று இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றை வெபரை மாட்டுகிறார்கள். விளக்கு மங்கல் என்று அதிக வாட் பல்பு போடுகிறார்கள். சூடாகிறது என்று எலக்ட்ரிக் ஃபேன் வைக்கிறார்கள், ரேடியேட்டர் பாதி அடைத்திருப்பதைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலை வடிவமைத்தபடி காரை ஒருமுறையாவது சரியாக ஓடவைத்துவிட்டு, அதற்குப் பிறகும் என்ன குறை என்று பாருங்கள். பட்டியலில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

ஸ்பேனர் பற்றி ஒரு வரி. இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனர் நுழையும், நுழைந்து முனைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்ஜிபியின் எஞ்சின் நம் ஊருக்கு அந்நியமானதில்லை. பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம் அது. நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். எம்ஜிபியில் 1,798 சிசி. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் ஒன்றே, 88.9 மில்லிமீட்டர், சிலிண்டரின் விட்டம்தான் கூடியிருக்கிறது. மதுரையில் வாடகை அம்பாசடர் ஓட்டிய என் சித்தப்பாவுக்கு எம்ஜிபியைப் படத்தில்தான் தெரியும். ஆனாலும் போனில் அவர் சொன்னது அப்படியே பொருந்தியது.

“எஸ்யூவைத் தொடுறதுக்கு முன்னாடி மேல இருக்கிற மூடியைத் திருகி எடு. உள்ள ஆயில் இருக்கான்னு பாருப்பா. அது இல்லாட்டி நீ என்ன ட்யூன் பண்ணாலும் வண்டி பிக்கப் ஆகாது.”

“இருக்கு சித்தப்பா.”

“அப்ப கார்புரேட்டரை விடு. டேப்பட், சிபி பாயின்ட், பிளக். மூணையும் முடிச்சுட்டு வா.”

இந்த வரிசைதான் சரி. எஸ்யூவில் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலெழும். அதோடு சேர்ந்து, கூம்பிய ஊசி ஒன்று ஜெட்டிலிருந்து உயர்ந்து அதிகப் பெட்ரோலுக்கு வழிவிடும். மேலே இருக்கும் ஆயில், பிஸ்டனைத் திடீரென்று துள்ளவிடாமல் தடுக்கிறது. ஆயில் வற்றினால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் பிஸ்டன் குபீரென்று எழுந்து கலவை நீர்த்துப்போகும், வண்டி விக்கும். டேப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். எட்டு வால்வில் எதை எப்போது சரிபார்ப்பது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: கூட்டினால் 9 வர வேண்டும். 8-ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐப் பாருங்கள், 6 திறந்திருக்கும்போது 3-ஐ. சிபி பாயின்ட் இடைவெளியும் அதே 0.015 அங்குலம்தான், ஒரே ஃபீலர் கேஜ் தகடு போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டருக்கு வாருங்கள். இரண்டும் சம அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அடியில் இருக்கும் சிறு பின்னை விரலால் அழுத்தி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் போலத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அடங்கினால் குறைவு. லேசாக ஏறி மறுபடி தன் நிலைக்கு வந்தால் சரியான கலவை. இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், காது போதும். ஒழுங்காக வைத்த இரட்டை எஸ்யூவின் ஓட்டம் அத்தனை இதமானது. அதைக் கழற்ற எனக்கு மனம் வந்ததில்லை.

டெல்கோவுக்குள், அதாவது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், சிபி பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் வைப்பதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேய்மானம் கிடையாது, அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலையும் மிச்சம். ஆனால் 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். உங்கள் கார் எது என்று உறுதி செய்துகொண்டு மாட்யூலை வாங்குங்கள்; மாற்றிக் கொடுத்தால் அது உடனே கருகிவிடும். கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் போட்டு வையுங்கள். மாட்யூல் வழியில் செத்தால் பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

மின்சாரத்தில் எல்லோரும் இந்தக் காரின் மின்சாமான்களைத் தயாரித்த லூகாஸைத் திட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ஐம்பது ஆண்டு பழைய இணைப்பு, ஒவ்வொரு உரிமையாளரும் இஷ்டத்துக்கு ஒட்டிய ஒயர், துருவேறிய எர்த் போல்ட் என்று வைத்துக்கொண்டு தயாரித்தவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஒயர்களின் நிறத்துக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் எப்போதும் கரன்ட் உண்டு, ஃபியூஸ் கிடையாது. ஊதா எப்போதும் கரன்ட் உள்ளது, ஃபியூஸோடு. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இதை மனப்பாடம் செய்தவர் இருட்டில் தேட வேண்டியதில்லை.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். அசல் அமைப்பில், விளக்குக்குப் போகும் கரன்ட் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச், டிப்பர் ஸ்விட்ச் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. ஃபியூஸும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியிலும் பல்பின் முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு வோல்ட் காணாமல் போயிருக்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். முதலில் எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் வெளுக்கத் தேய்த்து, வாசலைன் தடவி மாட்டுங்கள். பிறகு இரண்டு ரிலே, ஃபியூஸோடு. பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தூண்டும், விளக்குக்கான கரன்ட் தடித்த ஒயரில் நேராகப் போகும். செலவு மிகக் குறைவு, ஸ்விட்சும் சூடாகாது. இந்தக் காரில் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதற்கே முதலிடம் தருவேன். ஒயரை வெட்டாமல் இடையில் செருகும் விதமாகச் செய்யுங்கள், பின்னால் வருபவர் விரும்பினால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

பெட்ரோல் விஷயத்தில் தள்ளிப்போட இடமில்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்துப் பிளக்கும். ஹோஸ் கசிவது சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே என்பதை நினைத்துப் பாருங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால், ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடின எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் அப்போதே வைத்துவிடுங்கள். ஆயில் 20டபிள்யூ50, பழைய எஞ்சினுக்கென்று துத்தநாகச் சேர்மத்தோடு வருவது; இந்த டேப்பட்டுகளுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் அது தேவை.

பிரேக்கில் பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று எலக்ட்ரிக் ஸ்டியரிங் தேடுபவர்கள் முதலில் கிங்பின்னின் கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடித்துப் பார்க்கட்டும். 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு இங்கே கட்டாய வருடாந்தரச் சோதனை இல்லை. இருந்தும் நான் ஆண்டுதோறும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். நம் கண்ணுக்குப் பழகிப்போன இடத்தை இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, ஐந்து கியர் மாற்றம். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறது என்று பெரும் செலவில் வேறு கியர்பாக்ஸ் தேடுகிறார்கள். அதே சாலை வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் லேகாக் ஓவர்டிரைவ் பல எம்ஜிபிகளில் ஏற்கெனவே இருக்கிறது. வேலை செய்யாததால் இல்லையென்று நினைத்துவிடுகிறார்கள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, நான்காவது கியரில் வைத்து, ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் ‘டக்’ என்று சத்தம் வந்தால் சொலினாய்டு உயிரோடு இருக்கிறது. அடுத்து ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள். சத்தம் வராவிட்டால், கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சிறு ஸ்விட்சும் அதற்குப் போகும் ஒயரும்தான் பெரும்பாலும் காரணம். சரியாகிவிட்டால், மணிக்கு 70 மைல் வேகத்தில் சுமார் 3,900 ஆக இருந்த ஆர்பிஎம் 3,200-க்கு இறங்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஐந்து கியர் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.