சந்தைக் கோழியும் ராத்திரி வைத்தியமும்

"புதுக்கோழி வாங்குனா இருட்டுன பிறகு கூட்டுக்குள்ள விட்ருங்க சார். விடிஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்." கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை எனக்கே பாடமாக நடத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் வருகிறது, யூடியூபில் வருகிறது. சந்தையில் கோழி விற்கிறவரும் காலைக் கட்டிக் கையில் கொடுக்கும்போது இந்த யோசனையை இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கிறார். அடுத்த வாரம், வாங்கியவர் செத்த கோழிகளைச் சிமெண்ட் சாக்கில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார்.

இதில் கால்வாசி உண்மை இருப்பதுதான் தொல்லை. இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு பக்கத்தில் எது வந்து உட்கார்ந்தாலும் சண்டைக்கு எழாது. ஆனால் விடியாமலா போகும்? கோழி இன்னொரு கோழியை அடையாளம் காண்பது கண்ணால், அதுவும் முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் பார்த்து. ஒரு கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்று கட்டுக்கோப்பான வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அந்த வரிசையில் இல்லாத முகம் காலையில் தீவனத் தட்டுக்கு வந்தால் பழையவை சும்மா விடுமா? ஒரு ராத்திரி ஒட்டி உட்கார்ந்த உறவெல்லாம் அங்கே செல்லாது.

கொத்துக் காயமாவது ஆறிவிடும். நான் கத்துவது அதற்காக இல்லை. காற்றோட்டமில்லாத கூட்டுக்குள் விடிய விடிய புதுக்கோழியின் மூச்சும் எச்சமும் உங்கள் கோழிகள்மேல் படுகிறதே, அதற்காக. "வாங்கும்போது துறுதுறுன்னு இருந்துச்சு டாக்டர்" என்பார்கள். இருக்கும். வெள்ளைக்கழிச்சல் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய சாதாரணமாக ஐந்தாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். தடுப்பூசி போட்ட கோழி தான் நோவாமலே கிருமியை எச்சத்தில் கழித்துக்கொண்டிருக்கலாம். சளி, மூச்சுத்திணறல் வகை நோய்களில் தேறிவிட்ட கோழியே பல மாதம் நோயைச் சுமந்து திரியும். சந்தைக்குக் கோழி எப்போது நிறைய வருகிறது என்றும் யோசியுங்கள். தெருவில் இரண்டு கோழி தூங்கி விழுந்ததும், மிச்சத்தைக் காசாக்கிவிடலாம் என்று ஓடுகிறார்கள். கோடையில் கோழி திடீரென்று மலிவாகக் கிடைத்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

சாக்கில் வந்த கோழியைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. கல்லீரலுக்குப் பின்னால், கல்குடலுக்குச் சற்று மேலே இருக்கும் சிறு இரைப்பையை நீளவாக்கில் கீறி, உள்பக்கத்தைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், அங்குள்ள சின்னச் சின்ன மேடுகளின் நுனியில் ஊசியால் குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள் தெரியும். கொண்டுவந்தவரையே குனிந்து பார்க்கச் சொல்வேன். பார்த்த பிறகு யாரும் ராத்திரிக் கதை பேசுவதில்லை. 1927-ல் குமாவுன் மலையில் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டு, அந்த ஊர்ப் பெயரோடே நம் பாடப்புத்தகத்தில் ஏறிய நோய்தான் இந்த வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும்.

சரி, புதுசை எப்படித்தான் சேர்ப்பது? 30 நாள் தனியாக வையுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள். மொட்டை மாடி இருக்கிறது, வீட்டின் மறுபக்கத்தில் கவிழ்த்து வைக்க ஒரு பஞ்சாரம் போதும். தண்ணீர்த் தட்டு தனி, தீவனம் தனி. காலையில் பழைய கோழிகளைப் பார்த்து முடித்துவிட்டுப் புதுசிடம் போங்கள், புதுசிடமிருந்து பழையதுக்கு வராதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், செருப்பை மாற்றுங்கள். நாம் கொல்லைக்குப் போட்டுப் போகும் செருப்புத்தான் பல வீடுகளில் கிருமிக்கு வண்டி. இந்த ஒரு மாதத்துக்குள் எச்சத்தின் நிறம், மூச்சுச் சத்தம், இறக்கைக்கு அடியில் பேன் எல்லாம் தெரிந்துவிடும். குடற்புழு மருந்தையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நடுவில் கம்பிவலை. பார்க்கலாம், கொத்த முடியாது. பிறகு வலையை எடுக்கும் அன்று, இரை மேய்கிற திறந்த இடத்தில் விடுங்கள். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒதுங்க ஒரு மறைப்பும் இருக்கட்டும். ஒற்றைக் கோழியாகச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்த்தால் அடி பங்காகும். குஞ்சைப் பெரிய கோழிகளோடு விடவே வேண்டாம், உருவம் ஏறக்குறைய சமமாகட்டும். முதல் சில நாள் துரத்தலும் கொத்தலும் இருக்கத்தான் செய்யும். பதறி ஓடிப்போய்ப் பிரித்தால் அந்தச் சண்டை நாளைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே தூக்கிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை அதே இடத்தில் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும்.

"நாட்டுக்கோழிக்குச் சீக்கு வராது, பிராய்லருக்குத்தான் வரும்" என்பது அடுத்த கதை. நேர்மாறு. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிக்குக் குஞ்சிலிருந்து வரிசையாகத் தடுப்பூசி போகிறது. ஒரு ஊசியும் பார்க்காமல் தெருத்தெருவாக மேய்வது உங்கள் நாட்டுக்கோழிதான்.

சின்ன வெங்காயம், கீழாநெல்லி, சீரகம், மஞ்சள்? கொடுங்கள், தப்பில்லை. நானே சொல்வதுண்டு. ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்ட கோழியின் வாயில் வெங்காயத்தைத் திணித்துவிட்டு வைத்தியம் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்து கிடையாது.

மற்றவற்றை நிற்காமல் சொல்லிவிடுகிறேன். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. அடை வைத்த கூடையில் இடிக்கு இரும்புத்துண்டு போட்டாலும் போடாவிட்டாலும் கருக்கூடிய முட்டை 21 நாளில்தான் பொரிக்கும். இரும்பால் கெடுதல் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

"அஞ்சு கோழிக்கு யார் சார் ஊசி போடுவாங்க" என்ற கேள்விக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். கோடை தொடங்குவதற்கு முன்னால் என்று பார்த்துத்தான் அந்த மாதம். தண்டோராப் போட்டாலும் கால்வாசி வீடுகள் கோழியைக் காலையிலேயே திறந்துவிட்டு, "பிடிக்க முடியல சார்" என்கின்றன. அன்றைக்கு ஒருநாள் விடிந்ததும் திறக்காமல் அடைத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? 7 நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8 வாரம் தாண்டியதும் இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. ஆனால் ஊசி போட்ட அன்றே காப்பு வராது, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். சந்தையிலிருந்து வருகிற வழியில் ஊசி போட்டு அப்படியே கூட்டில் விடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

முகாமைத் தவறவிட்டவர்கள் தெருவில் நாலைந்து வீடாகச் சேர்ந்து வாருங்கள். தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கானது. குளிர்ந்த நீர்மத்தில் கரைத்தால், பனிக்கட்டிமேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழிக்காக உடைத்தால் மீதி 95 கோழிக்கான மருந்து சாக்கடைக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் பரவாயில்லை, அவர் கோழியையும் கூடையில் போட்டு எடுத்துவாருங்கள். அவர் கோழி உங்கள் கொல்லையில்தானே மேய்கிறது.