துவிச்சக்கரவண்டியில் மூலாதாரங்களைத் தேடி: யாழ்ப்பாணக் குடாநாடு

க.பொ.த. (சாதாரண தரம்) வரலாறு: மூலாதாரங்கள் பற்றிய துணைப்பாடம்

மாணவர்களே, மூலாதாரங்கள் பற்றிய வினா வந்தால் பெரும்பாலானோர் “இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம் என இரு வகைப்படும்” என்று தொடங்குவர். உதாரணம் கேட்குமிடத்தில் மகாவம்சத்தையும் சிகிரியாவையும் எழுதிவிட்டு நின்றுவிடுவர். அது பிழையன்று. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாணவர் ஒருவருக்கு, காலையில் சைக்கிளில் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரத்தில் கல்வெட்டு, கட்டட எச்சம், ஈமப்புதைப்பு, கோட்டை ஆகிய அனைத்துக்கும் உதாரணம் உண்டு. கண்ணால் கண்டதை எழுதும்போது விடை தானாக விரியும். ஆகவே இப்பாடத்தைச் சைக்கிளில் கற்போம்.

முதலில் தரைத்தோற்றத்தை நோக்குவோம். குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே ஆறு எனச் சொல்லத்தக்கது. ஆதலால் பழைய சைக்கிள் எதுவாயினும் போதும். 1990 இன் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் குடாநாடு முழுவதும் சைக்கிளிலேயே இயங்கியதை உங்கள் பெற்றோரிடம் கேட்டறியலாம். அதுவும் ஒரு வாய்மொழி மூலாதாரமே.

மேடு இல்லாத நாட்டில் சைக்கிளோட்டிக்கு எதிரி காற்றுத்தான். சோளகம் வீசும் மாதங்களில் தீவுப்பகுதி நோக்கித் தென்மேற்கே மிதிப்பது மலை ஏறுவது போன்றது. வரும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும். எனவே போகும் நேரத்தை வைத்து வரும் நேரத்தைக் கணக்கிட வேண்டாம்.

நல்லூரில் தொடங்குவோம். யாழ். நகரிலிருந்து 3 கிலோமீற்றர் வரை இருக்கும். யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகர் இதுவே. இங்கே ஒரு பயிற்சி உண்டு. தலைநகரின் நான்கு திசைகளிலும் கோயில்கள் அமைக்கப்பட்டன என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது: வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளியம்மன். இந்நான்கையும் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு தாளில் புள்ளியிட்டுக் கோட்டால் இணையுங்கள். பழைய நகரம் எவ்வளவு பரந்திருந்தது என்பது உங்கள் கால்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் வைபவமாலை 18 ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவரால் எழுதப்பட்டது. இராச்சியம் வீழ்ந்தது 1619 இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதப்பட்ட நூல் என்பதை விடையில் குறிப்பிடுங்கள்.

முத்திரைச் சந்திக்கு அருகே சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி ஆகியன உள்ளன. வளைவையும் மந்திரிமனையையும் “சங்கிலியன் கட்டியவை” என்று எழுதுவோர் பலர். நின்று பாருங்கள். தூண், வளைவு, சுவர் வேலைப்பாடு ஆகியவற்றில் ஐரோப்பியர் காலச் சாயல் தெரிகிறது. இடம் அரசர் காலத்துக்குரியது எனச் சொல்வது ஒன்று, கட்டடம் அக்காலத்தது எனச் சொல்வது வேறொன்று. இன்று நாம் வழிபடும் கந்தசுவாமி கோயிலும் ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுந்ததே. முன்னைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறா 1621 இல் இடித்தான்.

இடித்த கல் எங்கே போனது? இதற்கு விடை தேடி நகருக்குத் திரும்பிக் கோட்டைக்குச் செல்ல வேண்டும். போர்த்துக்கேயர் நிருவாகத்தை நல்லூரிலிருந்து கடற்கரைக்கு மாற்றி நாற்சதுரக் கோட்டை கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். 1795 இல் அது பிரித்தானியர் கைக்குச் சென்றது. இக்கோட்டையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்துள்ளது. சோழர் கல்வெட்டு ஐரோப்பியர் கோட்டைக்குத் தானாக நடந்து வரவில்லை. பழைய கட்டடம் ஒன்றின் கல் இங்கே கட்டடப் பொருளாகக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு ஒரு சான்றிலிருந்து முடிவுக்கு வருவதையே “அனுமானம்” என்கிறோம். கோட்டையினுள் 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. போரில் அது அழிந்துபோயிற்று. சுவர்களிற் பெரும்பகுதி 2009 இன் பின் நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டது. எனவே பழைய முருகைக்கல் எது, புதுவேலை எது எனப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அடுத்த நாளுக்குக் கந்தரோடையை வையுங்கள். காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் வரை 10 கிலோமீற்றர், பின் மேற்கே திரும்பிச் சிறிது தூரம். வழியில் செம்மண் தோட்டங்கள், கிணறுகள், பனை வேலிகள். வழுக்கியாற்றுப் படுக்கையில் வயல்வெளி திறந்து கிடக்கும். நீரும் நெல்லும் சேருமிடத்தில் ஆதிக்குடியிருப்பு அமைந்ததில் வியப்பில்லை. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பீர்கள். வெயிலில் மிதித்து வந்து வயற்காற்றுப் படும்போது காரணம் விளங்கும்.

அங்கே சுண்ணாம்புக்கல், முருகைக்கல் ஆகியவற்றாலான சிறு தூபிகள் கூட்டமாக உள்ளன. போல் ஈ. பீரிஸ் 1917 அளவில் இவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்வு செய்தது. கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், மணிகள், பழைய நாணயங்கள் முதலியன இவ்விடத்திற் கிடைத்துள்ளன. தூபிகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. துறவிகளின் நினைவாக எழுந்தவை என்பர் சிலர், நேர்த்தியாக எழுப்பப்பட்டவை என்பர் வேறு சிலர். அதைவிட முக்கியமானது ஒன்று: இன்று காணப்படும் தூபிகளின் மேற்பகுதி பலவற்றில் தொல்பொருள் திணைக்களம் 1960களில் மீளமைத்ததாகும்.

இவ்விடத்தில் மாணவர்கள் இரு பக்கமும் சறுக்குவதைக் காண்கிறேன். ஒருசாரார் பௌத்தச் சின்னம் என்றவுடன் “இது நம்முடையதன்று” என்று தள்ளிவிடுகின்றனர். மறுசாரார் பௌத்தம் இருந்ததனால் இங்கே தமிழர் இருக்கவில்லை என்று யாரோ சொன்னதை நம்பிவிடுகின்றனர். இரண்டும் சான்றுக்குப் பொருந்தாது. மணிமேகலையைத் தந்த மொழியில் பௌத்தர் இருந்தனர் என்பதற்குத் தனிச் சான்று தேவையில்லை. சமயம் வேறு, மொழி வேறு. விடைத்தாளில் கோபம் வேண்டாம், சான்றை எழுதுங்கள்.

திரும்பும் வழியைச் சற்று மாற்றி மானிப்பாய் வழியாக ஆனைக்கோட்டைக்கு வாருங்கள். மண் அள்ளப்பட்ட மேடொன்றில் 1980 அளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் பண்பாட்டு ஈமப்புதைப்பைக் கண்டனர். அங்கே கிடைத்த வெண்கல முத்திரையில் ஒரு வரி குறியீடுகளாகவும், மறுவரி பிராமி எழுத்திலும் இருந்தது. அது “கோவேத” என வாசிக்கப்பட்டது. “கோ” என்பது தலைவனைக் குறிக்கும் சொல். இன்று அங்கே போனால் பார்க்க அதிகம் இல்லை, வீடுகளும் காணிகளுமே. போய் ஏமாந்தோம் என்று நினைக்க வேண்டாம். மண் இன்னும் கொஞ்சம் அள்ளப்பட்டிருந்தால் நமது பாடத்தில் இந்தப் பந்தியே இராது. நிலத்தில் கிடக்கும் ஓட்டுத்துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். இடம்மாறிய பொருள் பாதிச் சான்றை இழந்துவிடும் என்பதும் உண்மை.

மூன்றாவது பயணம் நீண்டது. பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பின்னர் படகில் நயினாதீவு. கடலுக்கு நடுவே செல்லும் தெருவில் நிழலே கிடையாது. விடிய வெளிக்கிட்டு, இரண்டு போத்தல் தண்ணீரும் காற்றடிக்கும் பம்பும் கொண்டு, மூவர் நால்வராகச் செல்லுங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கல்வெட்டு உள்ளது. ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிப்பதாக அது கூறுகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பலாயின் பாதிக்குப் பாதி. பொலநறுவை மன்னன் இந்தக் கட்டளையைத் தமிழில் வெட்டுவித்தான். ஏன்? வாசிக்க வேண்டியவர்கள் யார் என்று யோசியுங்கள். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

ஒவ்வோர் இடத்திலும் கொப்பியின் இடப்பக்கத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள், வலப்பக்கத்தில் அங்குள்ளவர் சொன்னதை எழுதுங்கள். “வளைவு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டது” இடப்பக்கம், “இங்கிருந்து சுரங்கம் போகுது, தம்பி” வலப்பக்கம். இரண்டையும் கலக்காதவரே இப்பகுதியில் முழுப்புள்ளி பெறுவர்.

பயிற்சி வினாக்கள்

1. யாழ்ப்பாண வைபவமாலையை மூலாதாரமாகக் கொள்வதில் உள்ள பயன் ஒன்றும் குறைபாடு ஒன்றும் தருக. (4 புள்ளிகள்)
2. கந்தரோடைத் தூபிகளின் இன்றைய தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது ஏன் பொருத்தமற்றது? (3 புள்ளிகள்)
3. நயினாதீவுக் கல்வெட்டிலிருந்து 12 ஆம் நூற்றாண்டு வணிகம் பற்றி அறியக்கூடிய மூன்று விடயங்களை விளக்குக. (6 புள்ளிகள்)
4. உமது ஊரிலிருந்து சைக்கிளில் சென்று பார்க்கக்கூடிய வரலாற்றிடம் ஒன்றைத் தெரிந்து, கண்டவை, கேட்டவை எனப் பிரித்து 10 வரிகளில் எழுதுக. (7 புள்ளிகள்)