பலன் தருமா என்று எப்படித் தெரியும்?

டெங்கிக் காய்ச்சல் கண்டவரைப் பார்க்கப் போகும் உறவினர்கள் முதலில் கேட்பது, “பிளேட்லட் எவ்வளவு?” என்பதுதான். பிளேட்லட் எனப்படும் ரத்தத் தட்டணுக்கள், காயம் பட்ட இடத்தில் ஒன்றுகூடி ரத்தக் கசிவை நிறுத்துகின்றன. பொதுவாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000 முதல் 450,000 தட்டணுக்கள் இருக்கும். டெங்கியில் அது 20,000க்கும் கீழே இறங்குவதுண்டு.

அப்போது, பிறர் தானம் செய்த தட்டணுக்களை நோயாளிக்கு ஏற்றுவது வழக்கமாக இருந்தது. குறைந்ததை நிரப்பினால் நல்லதுதானே! ஆனால், அதனால் ரத்தக் கசிவு உண்மையிலேயே தடுக்கப்படுகிறதா?

தேக்காவுக்கு அருகிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனை உட்பட, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள ஐந்து மருத்துவமனைகள் 2010 முதல் 2014 வரை இதை ஆராய்ந்தன. தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தும் கடுமையான ரத்தக் கசிவு இல்லாத 372 பெரியவர்கள் பங்கேற்றனர். எல்லாருக்கும் வழக்கமான பராமரிப்பு கிடைத்தது. யாருக்குத் தட்டணுக்களும் ஏற்றுவது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை; குலுக்கல் முறை முடிவு செய்தது. மருத்துவர்களே தேர்ந்தெடுத்தால், மிகவும் நலிந்தவர்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிடக்கூடும். பிறகு இரு குழுக்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

முடிவு 2017இல் வெளியானது. தட்டணுக்கள் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும், ஏற்றப்படாதவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கும் ரத்தக் கசிவு ஏற்பட்டது. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். பாதகமான விளைவுகளோ முதல் குழுவில் 13, மற்றதில் 2. நல்லது என்று எண்ணிச் செய்தது சிலருக்குத் தொல்லையாக முடிந்திருந்தது.

தட்டணுக்களைக் குறைக்கும் வேறு நோய்களுக்கான மருந்துகளும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன. ஐடிபி என்னும் நோயில், உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களே அதன் சொந்தத் தட்டணுக்களை அழிக்கக் காரணமாகின்றன. எஃப்கார்டிஜிமாட் என்ற புதிய மருந்து, எதிர்ப்பொருளின் ஒரு துண்டை மாற்றியமைத்துச் செய்யப்பட்டது. அது ரத்தத்தில் எதிர்ப்பொருள்களின் அளவைக் குறைக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வில் சிலருக்கு இம்மருந்தும் சிலருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நீண்டகாலமாக இந்நோய் இருந்தவர்களுள், மருந்து பெற்ற 78 பேரில் 17 பேருக்குத் தட்டணுக்கள் உயர்ந்து நிலைத்தன. போலி மருந்து பெற்ற 40 பேரில் 2 பேருக்கும் அவ்வாறே உயர்ந்தன! மருந்தில்லாமலே தேறிய அந்த இருவரையும் கணக்கில் கொண்டுதான் மருந்தின் பலனை அளந்தார்கள்.

மருந்து பெற்றும் 61 பேருக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காக வேறு எதிர்ப்பொருள் மருந்துகள் சோதிக்கப்பட்டு வருகின்றன.