பத்துமலையின் பொறிக்கதவுச் சிலந்தி

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர் பெரும்பாலும் மேலே உள்ள கோயில் குகையையே நாடிச் செல்வர். அதற்குச் சற்றுக் கீழே இருட்டுக் குகை உள்ளது. அதன் சுவர்களில்தான் பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. 1923ஆம் ஆண்டில் அறிவியலாளர் இதற்கு இட்ட பெயரிலும் பத்துமலை உண்டு: லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ்.

இதன் உறவினங்கள் மண்மேட்டில் வளை தோண்டுகின்றன. சுண்ணாம்புப் பாறையைத் தோண்ட இயலுமா? ஆகவே, இச்சிலந்தி பாறையின்மேல் நூலால் குழாய் போன்ற வளையை அமைத்து, வெளிப்புறத்தில் மண்துகள்களை ஒட்டிவிடுகிறது. வாயிலுக்குத் திறந்து மூடும் கதவும் உண்டு. பார்ப்பவருக்கு அது வெறும் சுவர்தான்.

வாயிலிலிருந்து ஆறு முதல் எட்டு நூல்கள் வெளியே நீண்டிருக்கும். கும்மிருட்டில் கண்ணால் பயனில்லை. சிலந்தி நூல் முனைகளில் கால்களை வைத்துக் காத்திருக்கும். பூச்சி ஒன்று நூலில் இடறினால் போதும். கதவு திறக்கும், இரை உள்ளே போய்விடும்.

உடலமைப்பு இன்னும் வியப்பானது. பொதுவாகச் சிலந்தியின் வயிறு ஒரே பைபோல் இருக்கும். இதற்கோ வயிற்றின்மேல் வரிசையாகத் தகடுகள் உள்ளன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைமையான சிலந்திப் புதைபடிவங்களிலும் இத்தகைய தகடுகளைக் காணலாம்.

இவ்வளவு தொன்மையான உயிரின் உணவு வௌவால்களை நம்பியுள்ளது. வெளியே இரைதேடித் திரும்பும் வௌவால்களின் எச்சம் குகைத்தரையில் குவிகிறது. அதை உண்டு பூச்சிகள் பெருகுகின்றன. சுற்றிலும் உள்ள காடு குறைந்தால் வௌவால் குறையும். பிறகு அந்த நூல்களில் இடறப் பூச்சியும் இராது.