மலையில் கற்க வேண்டிய மருத்துவம்

கொடைக்கானல் மலையிலுள்ள பள்ளங்கியிலிருந்து மருத்துவப் படிப்புக்குப் போக விரும்பும் மாணவிக்கு,

வயது, பால், உறுப்பு என்று பிரித்துப் பாராமல், இன்ன நோய் என்று பெயரிடப்படாத நிலையில் வரும் துன்பத்தை முதலில் கேட்டு, அந்த வீட்டாரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பவரே குடும்ப மருத்துவர். இதற்குத் தனிப் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குக் கெர் வைட் குழுவினர் 1961இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. பெரியவர்கள் 1000 பேரில் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 750 பேர் ஏதேனும் உடல்நலக் குறைவை உணர, 250 பேர் மருத்துவரிடம் செல்கிறார்கள், 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், பல்கலைக்கழக மருத்துவமனை வரை செல்பவர் ஒருவரே என்று அது மதிப்பிட்டது. மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் அந்த ஒருவரின் கட்டிலருகே நின்று கற்றுவிட்டு, மற்ற 249 பேர் காத்திருக்கும் ஊருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

வசதி குறைந்த இடத்தில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரியும். பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்தடித்துவிட்டு வரும் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, கண்ணின் பாவை சுருங்கியிருந்தால், அது ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சாக இருக்கலாம் என்று உடனே ஐயுற்று, ஆடையைக் களைந்து உடலைக் கழுவச் செய்து, அட்ரோபின் என்னும் முறிமருந்தைத் தொடங்கிய பிறகே கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே அனுப்ப வேண்டும். ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க அங்கே நேரம் இராது. நிபுணர்கள் சூழ்ந்த வார்டில் மட்டும் பழகியவருக்கு இந்தத் துணிவு தானாக வருவதில்லை.

இங்கேதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் முயற்சி கருதத்தக்கது. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கி, பின்னர் கிராமங்களுக்குச் செல்லும் சாலையோரங்களிலேயே நோயாளிகளைப் பார்த்தவர். 1960இல் அவர் மறைந்தது கொடைக்கானலில். அவர் நிறுவிய கல்லூரி 2006இல் குடும்ப மருத்துவத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயத்தைத் தொலைநிலை வழியில் தொடங்கியது. எம்.பி.பி.எஸ். முடித்துப் பணியில் இருக்கும் மருத்துவர், பாடத்தொகுதிகளைத் தாமே பயின்று, நேர்முக வகுப்புகளுக்கும் காணொளிப் பாடங்களுக்கும் வந்து, தம் ஊரை விட்டு விலகாமலே கற்கிறார். ஒரே மருத்துவர் இருக்கும் ஊரில் அவர் மூன்று ஆண்டு மேற்படிப்புக்குப் போய்விட்டால் நிலையம் பூட்டிக் கிடக்கும் என்பதை எண்ணினால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். காலையில் படித்ததை மாலையில் தம் நோயாளியிடமே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் இதில் உண்டு.

தேவையின்றி மேலிடத்துக்கு அனுப்புவதைக் குறைத்து, இயன்றதை அங்கேயே தீர்ப்பது இப்பயிற்சியின் நோக்கம். அனுப்புவதே இழுக்கு என்று இதற்குப் பொருளில்லை. நெஞ்சுவலியோடு வந்தவரின் இதய மின்வரைபடத்தைக் கைப்பேசியில் நிபுணருக்கு அனுப்பி, ஆலோசனைப்படி முதல் மருந்தைக் கொடுத்து, என்ன கொடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு என்று சீட்டில் தெளிவாக எழுதி அவரை வண்டியில் ஏற்றுவதும் குடும்ப மருத்துவரின் திறமையே. அந்தச் சீட்டை எழுதும் முறையைத் தேர்வுக்குரிய பாடமாகவே கற்பிக்க வேண்டும். வண்டி மலையடிவார வத்தலக்குண்டு சேரும்வரை நோயாளியைப் பற்றிப் பேசக்கூடியது அது ஒன்றே.